அண்டை நாட்டுப் பண்பாடுகளை உயர்நிலை மாணவர்களிடம் எப்படிக் கொண்டு செல்வது?

கேள்வி: உட்லண்ட்ஸ் ஆசிரியை

வணக்கம். சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். இரண்டாம் தவணையில் வரும் அனைத்துலக நட்புறவு நாளையொட்டி, தென்கிழக்காசிய நாடுகளின் பண்பாடுகளைப் பற்றி உயர்நிலை இரண்டு மாணவர்களுக்கு ஆறு பாடவேளைகள் நடத்தும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. அந்த நாளில் வழக்கமாக நடப்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். மண்டபத்தில் நாட்டுக்கொரு மேசை. மேசைக்கொரு கொடி, ஒரு பாரம்பரிய உடை, சுவைத்துப் பார்க்க ஒரு தின்பண்டம். இறுதியில் தலைநகரங்களையும் நாணயங்களையும் கேட்கும் புதிர்ப்போட்டி. மாணவர்கள் மகிழ்ச்சியாகத்தான் பங்கெடுக்கிறார்கள். ஆனால் உள்ளே போகும்போது என்ன எண்ணம் இருந்ததோ, அதே எண்ணத்தோடுதான் வெளியே வருகிறார்கள்.

இந்த நாடுகள் அவர்களுக்கு அறிமுகமில்லாதவை என்றால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். விடுமுறைக்குப் பாத்தாமுக்கும் பிந்தானுக்கும் போய் வருகிறார்கள். பேங்காக்கின் கடைத்தொகுதிகளை வரிசையாகச் சொல்கிறார்கள். அதனால் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற உறுதியும் வந்துவிடுகிறது. "இந்தோனேசியாவில் எல்லாரும் முஸ்லிம்கள்தானே, அங்கே என்ன வேறுபாடு இருக்கப்போகிறது?" என்று ஒரு மாணவி உண்மையான ஐயத்தோடு கேட்டாள். தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் மூன்றும் ஒன்றேதான், கோயில் கூரைகூட ஒரே மாதிரி என்றான் இன்னொருவன்.

எத்தனை நாடுகளை எடுத்துக்கொள்வது, எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு கவலையும் உண்டு. ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வரும் மாணவர்களும், பிலிப்பீன்ஸ், மியன்மார்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைக் காட்சிப்பொருளாக்காமல் இதை நடத்த வேண்டும். செய்தியில் அடிபடும் எல்லைச் சண்டைகளைப் பற்றி மாணவர்கள் கேட்டால் எப்படி எதிர்கொள்வது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்

நாடுகளின் அணிவகுப்பை முதலில் கைவிடுங்கள் அம்மா. கடந்த 2025 அக்டோபரில் திமோர் லெஸ்தே சேர்ந்த பிறகு ஆசியானில் பதினொரு நாடுகள் இருக்கின்றன. அவை அனைத்தையும் ஆறு பாடவேளைகளில் தொட முயன்றால், ஒரு நாட்டுக்கு ஒரு படவில்லைதான் மிஞ்சும். ஒரு படவில்லையில் ஓர் உடையையும் ஓர் உணவையும் தவிர வேறெதுவும் அடங்காது. ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் எத்தனை விதமான மக்கள் வாழ்கிறார்கள் என்று காட்டுவதுதான் உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரான விடை. நான் பணியில் இருந்தவரை இந்தோனேசியாவைத்தான் எடுத்துக்கொள்வேன்.

எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் அந்த நாட்டில், மிகப் பெரிய இனத்தவரான ஜாவானியர்களின் மொழி தேசிய மொழியாகவில்லை. 1928ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடி உறுதிமொழி எடுத்த இளையர்கள், துறைமுகங்களில் வணிகர்கள் பேசிவந்த மலாயை அடிப்படையாகக் கொண்ட மொழியையே ஒற்றுமை மொழியாக ஏற்றார்கள். பெரும்பான்மையினரின் மொழியை ஏன் விட்டுவிட்டார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வளரும் நம் பிள்ளைகள் அதற்குச் சொல்லும் காரணங்கள் வியப்பளிக்கும்.

அடுத்து, மீனாங்கபாவ் மக்கள். உணவங்காடியில் நாசி பாடாங் வாங்கிச் சாப்பிடாத மாணவர் உங்கள் வகுப்பில் இருக்கமாட்டார். அந்த உணவு மேற்குச் சுமத்ராவைச் சேர்ந்த இவர்களுடையது. இவர்கள் இஸ்லாத்தை ஆழமாகப் பின்பற்றுகிறவர்கள். அதே வேளையில் குலமும் குடும்ப வீடும் நிலமும் தாய்வழியாக மகள்களுக்கே போகின்றன. மரபுப்படி கணவர்தான் மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறார். இளைஞர்கள் பிழைப்பும் அனுபவமும் தேடி ஊரை விட்டு வெளியேறுவது அங்கு நெடுநாள் வழக்கம். சுமத்ராவிலிருந்து அப்படிக் கிளம்பியவர்கள் குடியேறிய மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இந்தத் தாய்வழி மரபு இன்றும் இருக்கிறது. "எல்லாரும் முஸ்லிம்கள்தானே" என்ற அந்த மாணவி இந்தப் பாடத்தின் முடிவில் வேறு வகையான கேள்விகளைக் கேட்பாள்.

கையில் கொடுக்கும் பொருளாக, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்தேக் துணியைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. அரபுத் தெருவில் வெவ்வேறு ஊர்களின் துணிகளை விலை குறைவாகவே வாங்கலாம். யோக்யகார்த்தா அரண்மனை மரபைச் சேர்ந்த துணி பழுப்பும் கருநீலமுமாக இருக்கும்; அதில் சாய்வாக ஓடும் பாராங் வடிவத்தை அரச குடும்பத்தாரைத் தவிர வேறு யாரும் உடுத்தக்கூடாது என்று ஒரு காலத்தில் தடை இருந்தது. வடகரையில் உள்ள பெக்காலோங்கான் துணியோ இளஞ்சிவப்பும் பச்சையுமாக இருக்கும். சீனர்களும் அரேபியர்களும் டச்சுக்காரர்களும் வந்துபோன துறைமுகம் என்பதால், அதில் பீனிக்ஸ் பறவையும் ஐரோப்பியப் பூங்கொத்தும் இருக்கும். சிரெபோன் துணியில் அடுக்கடுக்காகத் திரளும் மேகங்களில் சீன ஓவியத்தின் சாயல் தெரியும். மூன்றையும் மேசையில் விரித்து வைத்து, எது கடற்கரை ஊரில் செய்யப்பட்டது, எது உள்நாட்டு அரண்மனையிலிருந்து வந்தது என்று காரணத்தோடு ஊகிக்கச் சொல்லுங்கள். துணியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மெழுகிட்டுச் சாயம் தோய்த்த துணியில் இரு பக்கமும் வடிவம் ஏறியிருக்கும், அச்சிட்ட துணியில் பின்பக்கம் வெளிறியிருக்கும். அந்த ஒரு பாடவேளை கண்டிப்பாக நேரம் தாண்டிப் போகும்.

மறுமொழி 2: தமிழாசிரியை, ஜூரோங்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரே நாட்டோடு நின்றுவிட்டால், எல்லைகளைத் தாண்டி நிற்கும் வழக்கங்கள் மாணவர்களின் கண்ணில் படாமல் போய்விடும். நான் தமிழ் வகுப்பில் நாட்காட்டியிலிருந்து தொடங்குவேன். சித்திரை முதல் நாளைக் கொண்டாடும் அதே ஏப்ரல் நடுப்பகுதியில் தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், மியன்மார் ஆகிய நான்கு நாடுகளும் புத்தாண்டைக் கொண்டாடுகின்றன. சூரியன் மேட ராசியில் நுழைவதை வைத்துக் கணிக்கும் முறை நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. அதிகாரத்துவ ஆண்டுத் தொடக்கத்தை ஜனவரிக்குத் தாய்லாந்து மாற்றியது 1941இல்தான். நம் பிள்ளைகளுக்குத் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் என்றாலே நீர்த்துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அன்று காலையில் பெரியவர்களின் உள்ளங்கைகளில் வாசனை நீரை மெல்ல ஊற்றி வாழ்த்துப் பெறுவதுதான் அந்த விழாவின் உட்கரு.

இதைவிட என் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது கம்போடியாவின் ப்சும் பென். நம் மகாளய பட்சத்தை ஒட்டி, தேய்பிறையின் பதினைந்து நாள்களும் அங்கே முன்னோருக்காக ஒதுக்கப்படுகின்றன. விடிவதற்கு வெகுமுன்பே, ஏறத்தாழ நான்கு மணிக்கு, மக்கள் பௌத்த விகாரைக்கு வந்து, எள் கலந்த ஒட்டரிசிச் சோற்று உருண்டைகளை இருட்டில் வளாகத்தைச் சுற்றி வீசுகிறார்கள். தீவினையால் பசித்த ஆவிகளானவர்களுக்கு வாய் ஊசித்துளை அளவே இருக்கும், வெளிச்சம் அவர்களுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அதனால்தான் பொழுது விடிவதற்குள் கொடுத்து முடிக்க வேண்டும். ஒரே விகாரையில் தம் உறவினர் தேடி வராமல் போகலாம் என்று ஏழு விகாரைகள்வரை போகிறவர்களும் உண்டு. அமாவாசைக்குத் தாத்தாவின் பெயரில் காக்கைக்குச் சோறு வைத்த மாணவர்கள் இதை வேற்று நாட்டு விநோதமாகப் பார்க்கவில்லை.

நேரம் இருந்தால் இந்தோனேசியாவின் மேடான் நகரையும் சேர்த்துக்கொள்ளலாம். புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழர்கள் அங்கு 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பேங்காக்கில் அரச சடங்குகளை நடத்தும் அந்தணர்கள் மார்கழியை ஒட்டிய விழாவில் திருவெம்பாவையை ஓதிவருகிறார்கள். உச்சரிப்பு மாறிவிட்டதால் நம் காதுக்கு உடனே பிடிபடாது.

மறுமொழி 3: அருங்காட்சியக வழிகாட்டி

ஜூரோங் ஆசிரியை சொன்ன எடுத்துக்காட்டுகள் அருமையானவை. ஆயினும் அவற்றைக் கையாளும்போது ஒரு வழுக்கல் இருக்கிறது. நம்மவர் சிலரைச் சுற்றிக்காட்டலுக்கு அழைத்துப் போகும்போது, தென்கிழக்காசியச் சிலை ஒவ்வொன்றின் முன்னும் "இது நம்மிடமிருந்து போனதுதானே" என்று கேட்டு, ஆம் என்ற விடையோடு அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியில் அண்டை நாட்டுக்காரர் வெறும் பெறுநராகிவிடுகிறார். அவர்கள் பெற்றதை என்ன செய்தார்கள் என்பதுதான் பண்பாட்டைக் காட்டும்.

இராமாயணத்தையே பாருங்கள். தாய்லாந்தின் ராமகியெனில் அனுமன் பிரம்மச்சாரி அல்லன். பாலம் கட்டும்போது கற்களை எடுத்துச் சென்று தடுக்கும் கடற்கன்னி, இராவணனின் மகள். அவள்மீது அனுமன் காதல் கொள்கிறான், அவர்களுக்கு ஒரு மகனும் பிறக்கிறான். இதைச் சொன்னதும் மாணவர்களிடமிருந்து வரும் சிரிப்புச் சத்தத்துக்குப் பிறகு, நம் மரபில் ஏன் அவன் அப்படி, அவர்கள் மரபில் ஏன் இப்படி என்று பேச ஒரு பாடவேளை போதாது. ஜாவாவின் தோல்பாவைக் கூத்தில் செமாரும் அவன் மகன்கள் மூவரும் வருகிறார்கள். பாண்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் இந்தக் கோமாளிகள் இந்தியக் காப்பியத்தில் எங்கும் இல்லை. பருத்த வயிறும் அழுகிற கண்ணுமாக வரும் செமார் உண்மையில் ஒரு தெய்வம். அரசர்களைத் திட்டவும் அறிவுரை சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. பெரும்பான்மை முஸ்லிம்களான பார்வையாளர்கள் விடிய விடிய உட்கார்ந்து இந்த மகாபாரதத்தைப் பார்க்கிறார்கள். சமயம் ஒன்று, கலை இன்னொன்று என்று பிரித்து அட்டவணை போடும் பயிற்சித்தாள் இங்கே உடைந்துபோகிறது.

இராசேந்திர சோழரின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைத் தமிழ் மாணவர்கள் யாராவது கட்டாயம் எழுப்புவார்கள். அதைத் தவிர்க்க வேண்டாம். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனைப் பிடித்ததையும், அவன் குவித்து வைத்திருந்த செல்வத்தையும் நகர வாயிலின் வித்தியாதரத் தோரணத்தையும் கவர்ந்ததையும் மெய்க்கீர்த்தியே வரிசைப்படுத்திச் சொல்கிறது. அதே வரிகளைக் கடாரத்துத் துறைமுகத்தில் நின்ற ஒருவர் எப்படி எழுதியிருப்பார் என்று எழுதச் சொல்லுங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான் கடாரத்தை ஆண்ட அதே ஸ்ரீவிஜய மன்னர் மரபு, இராசராசரின் இசைவோடு நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரையை எழுப்பியிருந்தது. ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் அந்த விகாரைக்கு அளிக்கப்பட்டது. நட்பும் வணிகமும் படையெடுப்பும் ஒரே தலைமுறைக்குள் நடந்தன என்பதை வளர்ந்த மாணவர்களால் புரிந்துகொள்ள முடியும்.

ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கற்றல் பயணத்துக்கு வருவதானால், எல்லாக் கூடங்களையும் ஓடிப் பார்ப்பதைவிட, பெலித்துங் தீவின் அருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு உள்ள கூடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மேற்காசிய முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல், சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள், இந்தோனேசியக் கடல். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மறுமொழி 4: ஈசூன் தந்தை

நான் ஆசிரியர் அல்லன்; உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளின் தந்தை. இதுவரை சொன்னவை அனைத்தும் ஆயிரம் ஆண்டுக் கதைகளாக இருக்கின்றன. நம் வீட்டுக்குள்ளேயே அண்டை நாட்டவர் இருப்பதை யாரும் சொல்லவில்லை. இல்லப் பணிப்பெண்ணாக வரும் அக்காவின் சமையலைப் பிள்ளைகள் சாப்பிட்டு வளர்கிறார்கள், ஆனால் அவருடைய ஊர் எந்தத் தீவில் இருக்கிறது, வீட்டில் என்ன மொழி பேசுவார் என்று கேட்டால் தெரியாது. என் மகளிடம் அவள் ஆசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான், எங்கள் வீட்டில் இருப்பவர் ஜாவானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதும், இந்தோனேசிய மொழியைப் பள்ளியில்தான் கற்றார் என்பதும் எங்களுக்கே தெரியவந்தது.

ஞாயிற்றுக்கிழமையன்று மியன்மார்க்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதிக்கு ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள். தேயிலையைக் குடிக்கத்தான் முடியும் என்று நினைக்கும் பிள்ளைகள், புளிக்க வைத்த தேயிலையோடு வறுத்த பயறும் எள்ளும் பூண்டும் கலந்து சாலடாக உண்பதை அங்கே பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன் கேட்கவேண்டும், ஏதாவது வாங்கவும் வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். அவர்களின் ஓய்வுநாள் அது.

உங்கள் வகுப்பிலுள்ள வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "உங்கள் நாட்டில் இதை எப்படிக் கொண்டாடுவீர்கள்?" என்று வகுப்பின் நடுவே கேட்பதைத் தவிர்க்கலாம். மியன்மாரிலிருந்து வந்த பிள்ளை பௌத்தராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சின், கச்சின் இனத்தவரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பிலிப்பீன்ஸ் மாணவர் மிண்டனாவோவைச் சேர்ந்த முஸ்லிமாக இருக்கலாம். நாட்டின் பேராளராக நிற்கும் சுமை பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். விரும்பினால் பேசலாம் என்று தனியாக முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேசாமல் இருந்தாலும் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. முதல் மூன்று பாடவேளைகளை இந்தோனேசியாவுக்கும், நான்காவதை ப்சும் பென்னுக்கும், ஐந்தாவதை அனுமனுக்கும் செமாருக்கும் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். திருவெம்பாவையை வேறொரு சமயம் தமிழ் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஆறாவதுக்கு என்ன செய்வது என்பதும், சண்டைகளைப் பற்றிய என் கேள்வியும் மட்டும் நிற்கின்றன.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்

அந்த இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். ப்ரேயா விஹியர் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று அனைத்துலக நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. அது உலக மரபுடைமைப் பட்டியலில் 2008இல் சேர்க்கப்பட்ட பின் தாய்லாந்து-கம்போடிய எல்லையில் மோதல்கள் நடந்தன. 2025 ஜூலையிலும் கடும் சண்டை மூண்டது. யார் பக்கம் சரி என்று வகுப்பில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். ஒரு பழைய கோயிலோ ஒரு நடனமோ ஏன் நாட்டின் மானப் பிரச்சினையாகிறது என்ற கேள்வியை வையுங்கள். 2023இல் நோம் பென்னில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் குத்துச்சண்டைப் பிரிவுக்குக் கம்போடியா தன் பெயரான குன் கெமரைச் சூட்டியதும், மூவாய் தாய் என்ற குத்துச்சண்டையைத் தன் உடைமையாகக் கருதும் தாய்லாந்து அந்தப் பிரிவில் கலந்துகொள்ளாமல் விலகியதும் மாணவர்களுக்கு எளிதில் புரியும். நம் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோவுக்கு முன்மொழியப்போவதாக 2018இல் அறிவித்தபோது மலேசியாவில் பலர் முகம் சுளித்தார்கள். அதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை போடுவது எப்போதும் மற்றவர்கள்தான் என்று ஆகிவிடும்.

அதற்கு நேர்மாறாக 2024இல் கெபாயா என்ற பெண்களின் மேலாடையைப் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூட்டாக முன்மொழிந்து பட்டியலில் சேர்த்தன. பாந்துன் கவிதைக்காக 2020இல் இந்தோனேசியாவும் மலேசியாவும் அப்படிச் சேர்ந்திருந்தன. குழுவுக்கொரு நாடாகப் பிரித்து, கூட்டாக முன்மொழியத்தக்க இன்னொரு வழக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பக்க முன்மொழிவு எழுதச் சொல்லுங்கள். மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகளைப் பற்றி எழுதும் குழு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மலாய் பேசி, கெபாயா உடுத்தி, 1781இல் கட்டிய விநாயகர் கோயிலில் வழிபடும் அவர்களை எந்த நாட்டு மேசையில் வைப்பது என்று அந்தக் குழு சரியாகவே திணறும்.

மதிப்பீட்டுக்குப் புதிர்ப்போட்டி வேண்டாம். "இந்த நாட்டில் எல்லாரும் இப்படித்தான் என்று நீ முன்பு நினைத்த ஒன்றை எடுத்துக்கொள், அந்த நாட்டுக்குள்ளேயே அப்படி இல்லாதவர்கள் யார், அதற்கு என்ன காரணம்?" என்று ஒரு பத்தி எழுதச் சொன்னால் போதும். திருத்துவதற்கும் நேரம் அதிகம் பிடிக்காது.